ஜெர்மனியில் ஓர் ஆள், சம்பளச் சீட்டில் வேறொரு முதலாளி: இ.ஓ.ஆர். வழியாக வேலைக்கு எடுப்பது எப்படி

கோவையில் பம்ப் செய்கிறீர்கள், அல்லது சென்னையில் மென்பொருள் விற்கிறீர்கள். ஜெர்மனியில் நாலைந்து வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் பேச, அவர்கள் நேரத்துக்குப் போனை எடுக்க அங்கேயே ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஒருவருக்காக அங்கே கம்பெனி தொடங்குவது பெரிய வேலை. ஜி.எம்.பி.ஹெச். என்கிற தனியார் நிறுவனத்துக்கு மூலதனம் 25,000 யூரோ, அதில் பாதியைப் பதிவின்போதே கட்ட வேண்டும். நோட்டரி, அங்கத்திய ஆடிட்டர், இந்திய இயக்குநர்களின் பெயரில் வங்கிக் கணக்கு என்று மாதங்கள் ஓடிவிடும்.

இந்த இடைவெளியில்தான் எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட், சுருக்கமாக இ.ஓ.ஆர்., வருகிறது. ஜெர்மனியில் ஏற்கெனவே பதிவுபெற்ற ஒரு நிறுவனம் உங்கள் ஆளைத் தன் பேரோலில் சேர்த்துக்கொள்ளும். நியமனக் கடிதம், வரிப் பிடித்தம், சமூகக் காப்பீடு எல்லாம் அவர்கள் பெயரில் நடக்கும். என்ன வேலை, எந்த வாடிக்கையாளர், எவ்வளவு இலக்கு என்று சொல்வது நீங்கள். மாதாமாதம் அவர்கள் அனுப்பும் இன்வாய்ஸை நீங்கள் கட்டுகிறீர்கள்.

விற்க வருபவர்கள் இதை ஐந்து நிமிட வேலை என்பார்கள். பேரோல் வரை அது உண்மைதான். ஆனால் ஆள் நோயில் படுத்தாலும், வேலையை விட்டு அனுப்பினாலும், வரித்துறை கேள்வி கேட்டாலும் பில் உங்களிடம்தான் வரும். அதோடு, ஜெர்மனியைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காலாவதித் தேதியும் உண்டு. ஆளை எடுக்கும் நாளிலேயே அந்தத் தேதியை எழுதிவைத்துக்கொண்டு தொடங்குவதுதான் சரியான முறை.

யாரை இந்த வழியில் எடுக்கக்கூடாது

முதல் வடிகட்டல் விசா. சென்னை அலுவலகத்தில் நன்றாக வேலை செய்யும் ஒருவரை இ.ஓ.ஆர். மூலம் மியூனிக்குக்கு அனுப்பிவிடலாம் என்பதுதான் நம் ஊர் நிறுவனங்களுக்கு முதலில் தோன்றும் யோசனை. இது பெரும்பாலும் நடக்காது. ஜெர்மன் வசிப்புரிமைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வெளிநாட்டவர் இன்னொரு நிறுவனத்துக்கு இரவல் தரப்படும் தொழிலாளராக வேலை செய்யப் போகிறார் என்றால் வேலைவாய்ப்பு முகமை அனுமதி மறுக்க வேண்டும் என்கிறது. இ.ஓ.ஆர். ஊழியர் அந்த வகையில்தான் வருகிறார். ஆகவே ஜெர்மன் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் ஆகியோரை மட்டும் தேடுங்கள். அங்கேயே படித்து முடித்து வேலை தேடும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் கண்ணில் படுவார்கள். அவர்களுடைய அனுமதிச் சீட்டில் எந்த வேலைக்கும் தடையில்லை என்று இருக்கிறதா, ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஆஃபர் தராதீர்கள்.

சென்னை ஆளையே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பாதை வேறு. இந்தியா–ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியச் சம்பளத்திலேயே வைத்துக்கொண்டு தற்காலிகமாக அனுப்பப்படுபவருக்கு இ.பி.எஃப்.ஓ.விடம் காப்பீட்டுச் சான்றிதழ் வாங்கினால், அங்கே ஓய்வூதியப் பங்களிப்பை இரண்டாவது முறை கட்ட வேண்டியதில்லை. விசா வேலை தனியாக இருக்கிறது. இ.ஓ.ஆர். நிறுவனத்துக்கு அதில் இடமில்லை.

இரண்டாவது வடிகட்டல் வேலையின் தன்மை. சர்வீஸ் இன்ஜினியர், வாடிக்கையாளர் உதவி, மென்பொருள் எழுதுபவர் என்றால் சிக்கல் குறைவு. விற்பனையாளர் என்றால் வரி ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்கள் சார்பில் ஒப்பந்தம் போடும் அதிகாரத்தை அவர் அங்கே வழக்கமாகப் பயன்படுத்தினால், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி உங்களுக்கு ஜெர்மனியில் 'நிரந்தர நிலையம்' இருப்பதாக அந்நாட்டு வரித்துறை சொல்ல முடியும். வாடகைக்கு ஒரு மேசைகூட நீங்கள் எடுத்திருக்க வேண்டியதில்லை. அந்த நிலையத்துக்கு உரிய லாபத்தின் மீது, நகராட்சி வணிக வரியும் சேர்த்து, சுமார் 30% வரி விழும். சம்பளச் சீட்டில் முதலாளியாக வேறொருவர் இருப்பது இதற்குக் கேடயம் ஆகாது. அவர் யாருக்காகப் பேரம் பேசினார் என்பதுதான் அங்கே கேள்வி. விலையையும் தள்ளுபடியையும் சென்னையில் முடிவு செய்து, கையெழுத்தையும் சென்னையில் போட்டு, அது வெறும் முத்திரை குத்தும் சடங்காக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் விசிட்டிங் கார்டில் 'ஜெர்மனி மேனேஜிங் டைரக்டர்' என்று அச்சடிப்பது இலவசமாக வாங்கும் வம்பு.

இவரை ஃப்ரீலான்சர் என்று எழுதிவைத்து மாதாமாதம் பில் வாங்கிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒரே வாடிக்கையாளர், நீங்கள் சொல்லும் நேரம், உங்கள் ஈமெயில் முகவரி என்று இருந்தால் அங்கே அதற்குப் பெயர் போலிச் சுயதொழில். ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் கண்டுபிடித்தால் நான்கு ஆண்டுப் பங்களிப்பைத் திரும்பக் கேட்கும். தெரிந்தே செய்தது என்றால் முப்பது ஆண்டு வரை போகலாம்.

லைசென்ஸும் 18 மாதக் கணக்கும்

ஓர் ஊழியரைத் தன் பேரோலில் வைத்துக்கொண்டு இன்னொருவர் சொல்லும் வேலைக்கு அனுப்புவதை ஜெர்மனி 'அர்பைட்நேமர்யூபர்லாஸுங்' என்கிறது. தமிழில் ஆளை இரவல் தருவது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கூட்டரசு வேலைவாய்ப்பு முகமையின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவரிடம் ஆள் எடுத்தால் அவருக்கும் ஊழியருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் செல்லாது. அதற்குப் பதில் ஊழியர் நேரடியாக உங்கள் ஊழியர் என்று சட்டமே ஆக்கிவிடும். அபராதம் 30,000 யூரோ வரை, இரவல் தந்தவருக்கும் வாங்கியவருக்கும்.

ஆகவே இ.ஓ.ஆர். நிறுவனத்திடம் பேசும் முதல் அழைப்பிலேயே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஜெர்மனியில் இருப்பது உங்கள் சொந்த நிறுவனமா, கூட்டாளி நிறுவனமா? லைசென்ஸ் யார் பெயரில், அதன் நகல் கிடைக்குமா? அது ஓராண்டு லைசென்ஸா, கால வரம்பற்றதா? புதியவர்களுக்கு முதலில் ஓராண்டுக்குத்தான் தருவார்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 'உலகில் 150 நாடுகளில் இருக்கிறோம்' என்று சொல்பவர்களில் பலருக்குப் பாதி நாடுகளில் இருப்பது கூட்டாளிதான். அது குற்றமில்லை. ஆனால் ஏதாவது கேட்டால் பதில் இரண்டு கை மாறி வரும், பழியும் இரண்டு கை மாறிப் போகும்.

2017 ஏப்ரலில் வந்த திருத்தப்படி, ஒரே ஊழியரை ஒரே வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து 18 மாதத்துக்கு மேல் இரவல் தரக்கூடாது. இடைவெளி மூன்று மாதத்தைத் தாண்டினால்தான் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். ஒரு மாதம் விடுப்பு தந்து திரும்ப எடுத்தோம் என்பதெல்லாம் எடுபடாது. வரம்பைத் தாண்டினால் முன்பு சொன்ன அதே விளைவுதான்: ஊழியர் தாமாக மறுத்து எழுதித் தந்தாலொழிய அவர் உங்கள் ஊழியர் ஆகிவிடுவார்.

சில நிறுவனங்கள் 'எங்கள் ஏற்பாடு இரவல் அல்ல, சேவை ஒப்பந்தம், 18 மாதம் எங்களுக்குப் பொருந்தாது' என்று சொல்வார்கள். தினமும் வேலை சொல்வது நீங்கள் என்றால் அது சேவை ஒப்பந்தமாக நிற்பது கடினம். அப்படிச் சொல்பவரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தவறினால் இழப்பீடு அவர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரியைச் சேர்ப்பாரா மாட்டாரா என்பதிலேயே பதில் தெரிந்துவிடும்.

விலையைப் பிரித்துப் பார்ப்பது

ஆண்டுச் சம்பளம் 60,000 யூரோ, அதாவது மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாளியின் பங்கு 2026 விகிதங்களில் இப்படி வரும்:

ஓய்வூதியம் 9.3%: 465 யூரோ
மருத்துவக் காப்பீடு 7.3%: 365 யூரோ
மருத்துவக் கூடுதல் பங்களிப்பு, சராசரி 2.9 சதவீதத்தில் பாதி: 72.50 யூரோ
முதியோர் பராமரிப்பு 1.8%: 90 யூரோ
வேலையின்மைக் காப்பீடு 1.3%: 65 யூரோ

ஆக 1,057.50 யூரோ, சம்பளத்தின் மேல் 21.15%. கூடுதல் பங்களிப்பு மட்டும் ஊழியர் எந்தக் காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். பணியிட விபத்துக் காப்பீடு, திவால் தீர்வை, பேறுகாலத் தீர்வை எல்லாம் சேர்த்து இன்னும் சில பத்து யூரோ. ஏறக்குறைய 6,100 என்று எழுதிக்கொள்ளுங்கள். இ.ஓ.ஆர். கட்டணம் சந்தையில் பொதுவாக ஆளுக்கு மாதம் 500 முதல் 700 டாலர். நம் கணக்குக்கு 600 யூரோ என்றால் மொத்தம் 6,700. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று முழு எண்ணாகப் பிடித்தால் மாதம் 6.7 லட்சம்.

கட்டணத்தைச் சம்பளத்தின் சதவீதமாகக் கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். ஆளுக்குச் சம்பளம் ஏற்றினால் அவர்கள் வேலை கூடுவதில்லை.

கண்ணில் படாமல் போகும் செலவு நாணய மாற்றில் இருக்கிறது. இன்வாய்ஸை டாலரிலோ ரூபாயிலோ தந்துவிட்டு, தங்கள் சொந்த மாற்று விகிதத்தை வைப்பார்கள். அது சந்தை விகிதத்தைவிட 2% கூடுதல் என்றால் 6,700-க்கு 134 யூரோ, மாதம் 13,400 ரூபாய், ஆண்டுக்கு 1.6 லட்சம். கட்டணத்தில் 50 யூரோ குறைக்கப் பேரம் பேசியவர்கள் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். யூரோவிலேயே இன்வாய்ஸ் கேளுங்கள். முடியாது என்றால் எந்த நாள், எந்த மூலத்தின் விகிதம், அதன்மேல் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

டெபாசிட்டாக ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதச் செலவு வரை கேட்பார்கள். நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கான காப்பு அது, நியாயமானதுதான். எப்போது திரும்பி வரும், எதையெல்லாம் கழிப்பார்கள் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

இந்தியப் பக்கத்துக் காகித வேலை

இன்வாய்ஸ் எந்த நாட்டு நிறுவனத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் கேளுங்கள். இ.ஓ.ஆர். நிறுவனத்தின் இந்தியக் கிளையே பில் போட்டால் 18% ஜி.எஸ்.டி. அதிலேயே இருக்கும், உள்நாட்டு டி.டி.எஸ். பிடித்தால் போதும். அயல்நாட்டிலிருந்து வந்தால் அது சேவை இறக்குமதி. 18% ஐ.ஜி.எஸ்.டி.யை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும், செல்ஃப் இன்வாய்ஸும் நீங்களே போட வேண்டும்.

இதில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லையே, 600 யூரோ கட்டணத்துக்கு மட்டும் கட்டினால் போதாதா என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். முதலாளி தன் ஊழியருக்குத் தருவதற்குத்தான் அந்த விலக்கு. நீங்கள் தருவது இ.ஓ.ஆர். நிறுவனத்துக்கு, அதன் சேவைக்கு. அதனால் முழு 6,700-க்கும் கணக்கிட வேண்டும்: 1,206 யூரோ, அதாவது மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய். ரிவர்ஸ் சார்ஜ் என்பதால் கையில் இருக்கும் கிரெடிட்டை வைத்துக் கட்ட முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். பிறகு அதையே இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். உள்நாட்டில் போதுமான விற்பனை உள்ளவர்களுக்கு இது ஒரு மாதச் சுழற்சி. முழுக்க ஏற்றுமதி மட்டும் செய்பவர்களுக்குப் பணம் ரீஃபண்ட் வரும்வரை முடங்கும். பட்ஜெட்டில் இதற்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

ஜெர்மன் நிறுவனத்தின் பில்லில் 19% வாட் சேர்ந்து வந்தால் கட்டுவதற்கு முன் நிறுத்திக் கேளுங்கள். வணிக நிறுவனத்திலிருந்து வணிக நிறுவனத்துக்குத் தரும் இந்தச் சேவை, பெறுபவர் இருக்கும் இடத்தில் நடந்ததாகக் கணக்கு. பெறுபவர் இந்தியாவில் என்றால் ஜெர்மன் வாட் வராது.

பணம் அனுப்ப வங்கி பர்ப்பஸ் கோட் (பணம் எதற்காகப் போகிறது என்பதற்கான குறியீடு), ஒப்பந்த நகல், இன்வாய்ஸ், ஆடிட்டர் சான்று எல்லாம் கேட்கும். இதுவரை 15சிஏ, 15சிபி என்று பழகிய படிவங்கள்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமா என்பது பில் போடும் நிறுவனத்தின் நாட்டையும் அந்த நாட்டோடு உள்ள வரி ஒப்பந்தத்தையும் பொறுத்தது. அவர்களுடைய வரி வசிப்புச் சான்றிதழ், இந்தியாவில் நிரந்தர நிலையம் இல்லை என்ற உறுதிமொழி இரண்டையும் ஒப்பந்தம் போடும்போதே வாங்கிவிடுங்கள். முதல் மாதச் சம்பளத் தேதிக்கு முந்தின நாள் வங்கி கேட்கும்போது தேடினால் கிடைக்காது. இ.ஓ.ஆர். நிறுவனத்துக்குப் பணம் பத்து நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். முதல் தடவை அனுப்பும்போது கூடுதலாக ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து: பேனாவா, கணினியா

ஒப்பந்தங்கள் இரண்டு. ஒன்று உங்களுக்கும் இ.ஓ.ஆர். நிறுவனத்துக்கும், இன்னொன்று அவர்களுக்கும் ஊழியருக்கும். முதலாவதில் இது ஆளை இரவல் தரும் ஒப்பந்தம் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும், வேலை தொடங்குமுன் ஊழியரின் பெயரும் அதில் குறிப்பிடப்பட வேண்டும். பொதுவான 'சேவை ஒப்பந்தம்' என்ற தலைப்பில் வருவதை அப்படியே கையெழுத்திடாதீர்கள்.

ஊழியரின் ஒப்பந்தம் கால வரம்பற்றது என்றால் மின்கையெழுத்து போதும். கால வரம்பு உள்ளது என்றால் விஷயமே வேறு. இத்தனை மாதத்தோடு முடியும் என்ற நிபந்தனைக்குக் காகிதத்தில் பேனாவால் போட்ட கையெழுத்தோ, சட்டம் அதற்கு இணையாக ஏற்கும் 'தகுதிபெற்ற' மின்கையெழுத்தோ வேண்டும், அதுவும் வேலைக்குச் சேரும் முதல் நாளுக்கு முன்பே. வழக்கமான இணையக் கையெழுத்துச் செயலியில் சொடுக்கி அனுப்பியிருந்தால் ஒப்பந்தம் செல்லும், கால வரம்பு மட்டும் செல்லாது. கடைசியில் கையில் இருப்பது நிரந்தர ஒப்பந்தம். 18 மாதத்துக்கு என்று திட்டமிட்டு எடுத்த ஆள் வெறும் ஒரு கூரியரை மிச்சப்படுத்தியதால் நிரந்தர ஊழியர் ஆவது இப்படித்தான்.

அறிவுசார் சொத்து இரண்டு படியாக வர வேண்டும்: ஊழியரிடமிருந்து இ.ஓ.ஆர். நிறுவனத்துக்கு, அங்கிருந்து உங்களுக்கு. காப்புரிமைக்குத் தகுந்த கண்டுபிடிப்பு என்றால் இரவல் சட்டமே உங்களை முதலாளியாகக் கருதுகிறது, அந்த மட்டும் நல்லது. மென்பொருளுக்கு அப்படியில்லை. அதன் பொருளாதார உரிமை சட்டப்படி சம்பளம் தரும் முதலாளிக்குப் போகிறது, அதாவது இ.ஓ.ஆர். நிறுவனத்துக்கு. மேலும் ஜெர்மனியில் ஆசிரியர் உரிமையை (காப்பிரைட்) முழுசாக எழுதிக்கொடுத்துவிட முடியாது. பிரத்தியேகப் பயன்பாட்டு உரிமையாகத்தான் வாங்க முடியும். இந்தியாவிலிருந்து கொண்டுபோன 'எல்லா உரிமைகளையும் மாற்றித் தருகிறேன்' என்ற வாசகத்தை அங்கத்திய வழக்கறிஞர் ஒருவர் திருத்தித் தரட்டும். குறியீடு எழுதுபவரை எடுக்கும்போது இந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

சேரும் மாதம்

ஊழியரிடம் இ.ஓ.ஆர். கேட்கப்போவது: 11 இலக்க வரி எண், சமூகக் காப்பீட்டு எண், மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், வங்கிக் கணக்கு. வரி எண் வந்து சேராவிட்டால் முதல் மாதம் ஆறாம் வரி வகுப்பில், அதாவது மிக அதிகப் பிடித்தத்தில், சம்பளம் போகும். பிறகு சரியாகிவிடும் என்றாலும் புதியவர் மனதில் முதல் சம்பளச் சீட்டு நிற்கும். சம்பளப் பட்டியல் மாதத்தின் நடுவிலேயே மூடிவிடும் என்பதால், கமிஷனும் பயணச் செலவும் அதற்குமுன் போய்ச் சேர வேண்டும்.

விடுப்பு, ஐந்து நாள் வாரத்துக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள். அந்த எண்ணை ஆஃபரில் போட்டால் நல்ல ஆள் வரமாட்டார். அலுவலக வேலைகளில் 28, 30 நாள் சகஜம். பொது விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பவேரியாவில் இருப்பவருக்குப் பெர்லினில் இருப்பவரைவிட அதிகம்.

நோயில் படுத்தால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் முதலாளி தர வேண்டும், இன்வாய்ஸ் வழியாக அது நீங்கள்தான். சிறு நிறுவனங்களுக்கு இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு உண்டு. இ.ஓ.ஆர். பெரிய நிறுவனம் என்பதால் அது கிடைக்காது.

வேலை நேரத்தில் ஒரு விஷயம் நம் ஊர் மேலாளர்களுக்குப் புரியவே நாளாகும். ஒரு நாள் வேலை முடிந்ததற்கும் அடுத்த நாள் தொடங்குவதற்கும் இடையே 11 மணி நேரம் ஓய்வு கட்டாயம். ஹனோவரில் கண்காட்சி முடிந்து இரவு 9 மணிக்கு வாடிக்கையாளரை வழியனுப்பியவரை மறுநாள் காலை 8 மணிக்கு முன் அழைப்பில் உட்கார வைக்கக்கூடாது. கோடையில் அப்போது சென்னையில் மணி 11.30. திங்கட்கிழமை காலை பத்து மணி ரிவியூ கூட்டம் அவருக்கு விடிகாலை 6.30. கூட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றுவது எளிது.

அனுப்ப வேண்டி வந்தால்

இ.ஓ.ஆர். ஏற்பாட்டில் பணம் கரையும் இடம் இதுதான். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், இரண்டு வார நோட்டீஸ் போதும். ஆறு மாதம் தாண்டியதும் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். பத்துப் பேருக்கு மேல் இல்லாத சிறு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு, நமக்கு அங்கே ஒரே ஆள்தானே என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. முதலாளி நீங்கள் இல்லை, நூற்றுக்கணக்கானவர்களை வைத்திருக்கும் இ.ஓ.ஆர். நிறுவனம். எண்ணிக்கை அவர்களுடையது, விலக்கு கிடைக்காது. நீங்களே நேரடியாக ஒரே ஓர் ஆளை வைத்திருந்தால் இருந்திருக்கும் சௌகரியம் இடையில் ஒருவர் வந்ததால் போய்விடுகிறது.

2026 ஏப்ரல் 1 அன்று சேர்ந்தவர் என்றால் செப்டம்பர் 30-க்குள் கடிதம் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். தபாலின் தேதி முத்திரை கணக்கில்லை, கடிதம் அவர் கைக்குக் கிடைத்த நாள்தான் கணக்கு. பணிநீக்கக் கடிதம் காகிதத்தில், பேனாக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப், மின்கையெழுத்து எதுவும் செல்லாது. கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் உண்டு என்பதற்கான அசல் பத்திரம் இணைக்கப்படவில்லை என்று சொல்லி ஊழியர் உடனே திருப்பி அனுப்பவும் வழியுண்டு. இ.ஓ.ஆர். நிறுவனத்தில் ஊழியர் மன்றம் (ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக் குழு) இருந்தால் அதனிடம் முதலில் கருத்துக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு வாரம். எல்லாம் கூட்டினால் ஆகஸ்ட் இறுதிக்குள் நீங்கள் முடிவெடுத்திருக்க வேண்டும். செப்டம்பர் 25 அன்று சென்னையிலிருந்து 'இவர் சரிவரமாட்டார்' என்று ஒரு மெயில் தட்டினால் காலம் கடந்துவிட்டது. நான்காம் மாத முடிவில் எழுத்தில் ஒரு மதிப்பீடு, ஐந்தாம் மாத முடிவில் இறுதி முடிவு என்று காலெண்டரில் இப்போதே போட்டுவையுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு என்றால் காரணம் காட்ட வேண்டும். ஊழியருக்கு மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றம் போக உரிமை உண்டு. நடைமுறையில் பேசி முடிப்பார்கள். பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்பது பேச்சின் தொடக்கப் புள்ளி. உங்களுக்கு ஆள் தேவையில்லை என்பது மட்டும் காரணமாகாது. இ.ஓ.ஆர். நிறுவனம் அவரை வேறு வாடிக்கையாளரிடம் வைக்க முடியாது என்று காட்ட வேண்டியிருக்கும். இந்தச் செலவு முழுதும் உங்கள் தலையில் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கும். அதை நீக்கச் சொன்னால் நடக்காது. வழக்கறிஞர் கட்டணத்துக்கு உச்சவரம்பு, சமரசத் தொகைக்கு உங்கள் முன்னனுமதி, கடிதத்தைத் தவறாக அனுப்பியது அவர்கள் என்றால் செலவு அவர்களுடையது என்ற மூன்றையும் கேட்டு வாங்கலாம்.

பதினெட்டாம் மாதத்துக்கு முன்

அதே ஏப்ரல் 1 ஊழியருக்கு 18 மாதம் 2027 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. வெளியேறும் வேலையை அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கிவிடுங்கள். வழிகள் இரண்டு.

ஒன்று, சொந்த நிறுவனம். இரண்டாவது, மூன்றாவது ஆள் வரப்போகிறார்கள் என்றால் இதுதான். இந்தியத் தரப்பில் இது வெளிநாட்டில் செய்யும் நேரடி முதலீடு. வங்கி மூலம் படிவம் தாக்கல் செய்து தனி அடையாள எண் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும், அதன்பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. நோட்டரிக்கு வேண்டிய இந்திய ஆவணங்களுக்கு ஜெர்மன் தரப்பு ஏற்கும் சான்றளிப்பு, மொழிபெயர்ப்பு இரண்டும் தேவைப்படும். ஜனவரி என்று சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. ஜெர்மனியில் நிறுவனமே இல்லாத அயல்நாட்டு முதலாளியும் அங்கே ஒரு முதலாளி எண் வாங்கி, ஆளை நேரடியாக வைத்துக்கொள்ளலாம். சமூகக் காப்பீட்டைக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். அங்கே நிலையம் இல்லாதவரை சம்பள வரி பிடிக்கும் கடமை இல்லை, ஊழியரே காலாண்டு முன்வரியாகக் கட்டுவார். உள்ளூர் பேரோல் அலுவலகம் ஒன்று சிறு கட்டணத்தில் இதைச் செய்து தரும். ஒரே ஆள், விற்பனை அல்லாத வேலை என்றால் தொடக்கத்திலேயே இதை விசாரித்திருக்கலாம் என்று தோன்றும். அப்படி விசாரிப்பது தவறே இல்லை, இ.ஓ.ஆர். விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

ஆளை உங்கள் பக்கம் மாற்றிக்கொள்வதை இ.ஓ.ஆர். ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது, அப்படி ஒரு விதி இருந்தால் சட்டப்படி அது செல்லாது. நியாயமான அளவில் ஒரு மாற்றுக் கட்டணம் கேட்கலாம். அந்தத் தொகையை முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள், மாதம் ஆக ஆக அது குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகட்டும். மாறும் நாளில் எடுக்காத விடுப்பு எத்தனை நாள், அதைப் பணமாகத் தருவதா, புதிய ஒப்பந்தத்தில் தொடர்வதா, முந்தைய பணிக்காலம் சேருமா என்பதை ஊழியரோடு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பழைய முதலாளியிடமிருந்து பணிச் சான்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதில் கையெழுத்து இ.ஓ.ஆர். போடும். அவர் என்ன வேலை செய்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது, வாசகத்தை நீங்கள்தான் எழுதி அனுப்ப வேண்டும்.